இரண்டு படங்களுக்கு நடுவே

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பத்தே கால், தூறல். காலமான என் மனைவியின் முகத்துக்காகத் தில்லை நகர் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். முதல் வருஷத் திதியான வருஷாப்திகத்துக்குப் படம் மாட்ட வேண்டும். நடுவயதுப் படங்களெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன. கல்யாணப் படத்தையும் கடைசியாக ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தையும் கம்ப்யூட்டரில் கலந்தால் ஐம்பது வயது முகம் கிடைக்கும் என்றார் ஸ்டூடியோக்காரர்.

ஆஸ்பத்திரியில் கழற்றிவிட்டிருந்ததால், வந்த முகத்தில் இரண்டு மூக்குத்திகளும் பாதி கரைந்திருந்தன.

“அழிச்சிடவாங்க?”

“சுமங்கலியாப் போனவ. பளிச்சுன்னு போடுங்கோ.”

போட்டார். வீட்டில் மகள் வெகுநேரம் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கா. யாருப்பா இது?”

ஐம்பதில் என் மனைவி நல்ல குண்டு. இரண்டு ஒல்லி முகங்களுக்கு நடுவே அந்தக் கன்னம் எங்கிருந்து வரும்? கடைசியில் கல்யாணப் படத்தையே மாட்டினேன். ஆட்டோ, ஃப்ரேம் உட்பட 2,340 ரூபாய்.