நாமக்கட்டி பூசிய கண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒருமுறை, சளி பிடித்துச் சில நாள் கழித்து என் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. இமை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. காய்ச்சல் வேறு. கணபதி என்ற ஊரில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பொதுவாயிருந்த குழாயடியில், என்னைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"இப்படியே போனா நாந்தான் அடிச்சுப்போட்டேன்னு சொல்லுவாங்க. வீக்கம் வத்தட்டும் அம்மணி," என்றார் கணவர். கௌரவம் பார்க்க அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் செய்வதுபோல நாமக்கட்டியை உரைத்துப் பூசிவிட்டார். அது வெள்ளையாகக் காய்ந்து சிவப்பை மறைத்தது. உள்ளே சீழ் கட்டியது. இமையைப் பிரித்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று நான் அழுத பிறகுதான் ஜட்காவில் ஏற்றினார்.

டாக்டரம்மா நாமக்கட்டியைக் கழுவி, தன் விரல் போகும் பக்கமெல்லாம் பார்க்கச் சொன்னார். கண் நகர மறுத்தது.

"கண்ணுக்குப் பின்னால இருக்கற சதை வரைக்கும் கிருமி போயிருச்சுங்க. இன்னும் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்," என்றார். அன்றே போட ஆரம்பித்த பென்சிலின் ஊசிதான் கண்ணைக் காப்பாற்றியது.

ஊசி போட்டதும் கணவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "அடிச்சாருங்களா?"

"இல்லீங்க," என்றேன். உண்மைதான். ஆனாலும் பொய் சொன்னவள்போல உடம்பு கூசியது. கணவர் ஒருநாளும் முகத்தில் அடித்ததில்லை. முதுகில்தான் அடிப்பார். அதை யாரும் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை.