விக்கிரவாண்டியில் வியர்த்த பனிக்கரடி

உலகத்து விலங்குகள் அத்தனையையும் விக்கிரவாண்டியில் ஒரே இடத்தில் பார்த்தவள் நான். அதிலும் பனிக்கரடி தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான். சரி, தேம்பியது என் கைச்சரக்கு. கரடிக்கு வியர்த்தது, மூக்கை உறிஞ்சியது, அவ்வளவுதான். மற்றதில் முக்கால்வாசி நிஜம். விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், விலங்குகளைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். மனிதர்களைப் பற்றி என்றால் கொஞ்சம் கூடக்குறைய வரும். என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

இது புனிதாவின் கதை. திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் பள்ளிக்கூட விழாக்களுக்கு வேஷ உடைகளை வாடகைக்கு விடுகிறாள். இப்போதும் என் எதிரே உட்கார்ந்து வரிக்குதிரை ஒன்றுக்கு வால் தைத்துக்கொண்டிருக்கிறாள். எழுத எழுதப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

மற்றக் கடைகளில் தலைவர்களும் தெய்வங்களும் தொங்குவார்கள். புனிதாவின் கடையில் காடு தொங்கும். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது என்பதால் இரண்டு புலிக்கு ஒரே மாதிரி வெட்டமாட்டாள். ஒட்டகத் திமிலில் பஞ்சை இறுக்கி அடைத்துவிட்டு, “உள்ள தண்ணி இல்ல டீச்சர், கொழுப்பு” என்பாள். பனிக்கரடியின் வெள்ளை ரோமத்துக்கு அடியில் கறுப்புத் துணி வைத்துத் தைத்திருக்கிறாள், நிஜக் கரடிக்கும் தோல் கறுப்பு என்பதால். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். “கரடிக்குத் தெரியுமே” என்றாள்.

அவள் தொழிலில் ஒரே ஒரு கட்டளை உண்டு. உடம்பை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம். தலையை மட்டும் மேடை ஏறும்போதுதான் மாட்ட வேண்டும்.

அந்தக் கட்டளையைக் காற்றில் பறக்கவிட்டவர் டான்ஸ் மாஸ்டர் அன்புச்செல்வன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை அவருடைய விசில் இல்லாமல் ஆண்டு விழா நடப்பது அபூர்வம். இரண்டு வருஷத்துக்கு முன் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில், சிறப்பு விருந்தினர் வராமல் நிகழ்ச்சியைத் தொடங்கக்கூடாது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் அவசரப்பட வேண்டாமே என்று மாஸ்டர் மதியத்திலிருந்தே பிள்ளைகளுக்குப் புனிதா தைத்த பென்குவின் தலையை மாட்டி வரிசையில் உட்காரவைத்தார். ஒரு குழந்தை மயங்கிச் சாய்ந்தது. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் பெற்றவர்கள் மேடையை நோக்கி வருவதற்குள் மாஸ்டர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“டிரஸ் தச்சவங்க மூச்சு விடவே வழி வைக்கல. நான் என்னாங்க பண்றது?”

அலகுக்கு அடியில் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன. குனிந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. மாஸ்டர் பேசியது வாட்ஸ்அப்பில் பரவியது. பள்ளிகள் ஒவ்வொன்றாக விலகின. மாஸ்டரே சொந்தமாக ஒரு வேஷக் கடை திறந்தார். புனிதாவின் சிங்கமும் கங்காருவும் தூசு படிந்து தொங்க, அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

“பொழப்பு போனா போவட்டும் டீச்சர். கொழந்தைய சாவடிக்கப் பாத்தவன்னு பேரு ஒட்டிக்கிச்சே. மைக்குலதான சொன்னான். மைக்குலயே அத்த அவன் முழுங்கணும்.”

இதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

போன மார்ச்சில் விக்கிரவாண்டிப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழா. தலைப்பு, ‘உலகத்து விலங்குகள்’. பெரிய ஆள் போடும் அளவில் பனிக்கரடி புனிதாவிடம் மட்டும்தான் இருந்தது. பிரின்சிபால் பிரபாவதியே போன் செய்தார். வாசலில் கரடி நின்று சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்க வேண்டுமாம். “மாட்டிவிட நானே வர்றேங்க” என்றாள் புனிதா. வேறொன்றும் கேட்கவில்லை.

கரடியாக நிற்க வேண்டியவர் பி.டி. சார் நடராசன். அந்த ரோமத்தைப் பார்த்ததும் தனக்கு வீசிங் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த விழாவுக்கும் விசிலோடு வந்திருந்த மாஸ்டரை எல்லோரும் பார்த்தார்கள். உயரமும் சரியாக இருந்தது.

உடம்பு ஏறியது. முதுகில் ஜிப் ஏறியது. அதை வெளியே இருப்பவர்தான் திறக்க முடியும்; கையுறையில் கரடிப் பாதம் உண்டு, விரல் கிடையாது.

“எம்மா புனிதா, தலைய அப்புறமா மாட்டிக்கலாமே” என்றார் மாஸ்டர்.

பிரின்சிபால் குறுக்கிட்டார். “மாட்டிடுங்க மாஸ்டர். எல்கேஜி பசங்க நிஜக் கரடின்னு நெனச்சிக்கினு இருக்காங்க.”

புனிதா மாட்டினாள்.

விருந்தினர் வரவில்லை. டோல்கேட் அருகே கரும்பு லாரி கவிழ்ந்து, நெடுஞ்சாலையில் போன ஜனமெல்லாம் இறங்கி நின்று கரும்பு கடித்துக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. பென்குவின் வேஷம் போட்ட பிள்ளைகளின் தலைகளைப் புனிதாவே கழற்றி, வேப்பமரத்தடியில் அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள். பிறகு ஒரு தம்ளர் மோரோடு வாசலுக்கு வந்து, கரடியின் முன்னால் நின்று அதைத் தானே குடித்தாள்.

“வடக்குக் கோடியில பனி மேல இருக்கறது மாஸ்டர் இது. ரொம்ப ஓடினா சூடு ஏறி அதுக்கு ஆகாதாம். நீங்களும் ஆடாம நில்லுங்க.”

“எம்மா, கிண்டலுக்கு இது நேரமில்ல. தலைய எடு.”

“அந்தக் கொழந்தைக்கும் இப்பிடித்தான இருந்திருக்கும்?”

அப்போது சங்கவி என்ற எல்கேஜி பென்குவின் தத்தித் தத்தி வந்து அண்ணாந்து பார்த்தது. மேடையில் சொல்ல மனப்பாடம் செய்த வரியைக் கரடியிடமே ஒப்பித்தது.

“நான் தெக்க இருக்கறவ. நீ வடக்க இருக்கற. இங்க எதுக்கு வந்த?”

“வேண்டிக்கினு வந்திருக்குது பாப்பா” என்றாள் புனிதா. “நீ போய் மோர் குடி.”

சூரியன் நேராகக் கரடியின் முகத்தில் அடித்தது. பூங்கொத்து தொங்கிப்போனது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“இப்ப இன்னாதான் வேணும் உனக்கு?”

“மைக்குல சொன்னத மைக்குலயே சொல்லணும்.”

“பேஜாரு பண்ணாத புனிதா. என் பேரு கெட்டுடும்.”

“என் பேரு கெட்டு ரெண்டு வருசமாவுது. நின்னுக்கினு யோசிங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

அவள் திரும்பி நாலடி வைத்திருப்பாள். “சொல்றேன், ஜல்தி வா” என்றது கரடி. புனிதா ஒரு போன் பேசினாள். சொல்லிவைத்தாற்போலக் கொஞ்ச நேரத்தில் விருந்தினரின் கார் வந்து நின்றது.

பூங்கொத்தை நீட்டிய கையோடு கரடி மேடைக்குப் போனது. புனிதா பின்னாலேயே போய் எல்லோரும் பார்க்கத் தலையைத் தூக்கினாள். முன்வரிசையில் ஒரு பிள்ளை, “கரடி மாஸ்டரை முழுங்கிடுச்சி” என்று அலறியது. மாஸ்டரின் முடி தொப்பலாக ஒட்டிக்கிடந்தது. ஜிப் இன்னும் மூடியேதான் இருந்தது. மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தது புனிதாவின் கை.

“திண்டிவனத்துல அன்னிக்கு அந்தப் பாப்பா மயங்கினது டிரஸ்ஸால இல்லீங்க. மதியத்துலேர்ந்து தலைய மாட்டி உக்கார வச்சது நான். புனிதா மேல தப்பு இல்ல.”

“சத்தமா சொல்லுங்க மாஸ்டர்” என்றாள் புனிதா. “பின்னாடி கேக்கலயாம்.”

இன்னொரு தடவை சொன்னார். பெற்றவர்கள் அதையும் போனில் பிடித்தார்கள்; போன தடவையைவிட வேகமாகப் பரவியது. அதற்குப் பிறகுதான் ஜிப் இறங்கியது. மன்னித்துவிட்டாயா என்று அவளைக் கேட்டேன். வரும் வருஷம் அவர் அளவுக்கு ஒட்டகச்சிவிங்கி தைக்கப்போவதாகச் சொன்னாள். கழுத்துக்குள் சின்ன ஜன்னல் ஒன்று வைப்பாளாம். வைத்தாலும் வைப்பாள்.

இதுவரை படித்துக் காட்டியதும் புனிதா ஊசியை வரிக்குதிரையில் குத்தி நிறுத்தினாள்.

“லாரியும் கவுறல, கரும்பும் கொட்டல. அன்னிக்கு சீஃப் கெஸ்ட்டு நீங்கதான டீச்சர்? நான் போன் பண்ற வரிக்கும் டோல்கேட்டாண்ட ஓட்டல்ல உக்காந்து பஜ்ஜி துன்னுக்கினு இருந்தீங்க. அத்த எழுதுங்க.”