உள்பக்கம் எழுதிய பெயர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வீடியோ கேம். கூட வேலை செய்பவர்கள் இரவல் வாங்கியதைத் திருப்பித் தரும் ரகம் இல்லை. அதனால் ஒவ்வொரு டிஸ்க் அட்டையின் உள்பக்கமும் பேனாவால் தன் பெயரை எழுதிவிடுவார்.

"இது வீடா, குடோனா?" என்று மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். டிஸ்குகளைப் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு, டிஸ்க் போடவே வழியில்லாத புது கேம் மெஷின் வாங்கினார். இனி எல்லாம் டவுன்லோடு. கிரெடிட் கார்டு அண்ணனிடம்தான் இருந்தது. கணக்கையும் அண்ணன் பெயரிலேயே திறந்து, வாங்கும் ஒவ்வொரு கேமுக்கும் காசை அவர் கையில் கொடுத்துவிடுவார். கூடப் பிறந்தவர்தானே.

அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் அண்ணன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.

"அண்ணா, அதுல நாப்பது கேம் இருக்கு. எல்லாம் நான் காசு குடுத்து வாங்குனது."

"யார் பேர்ல இருக்கு? அதச் சொல்லு."

கேம் கம்பெனிக்குப் போன் செய்தால் அவர்களும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் மரியாதையாக.

பழைய சாமான் கடையில் அவர் டிஸ்குகள் தூசி படிந்து அப்படியே கிடந்தன. வீட்டில் போட முடியாது என்று தெரிந்தும் ஒன்றைத் திறந்து பார்த்தார்.

"அது விலை போகாது சார்," என்றார் கடைக்காரர். "எவனோ உள்ள பேர எழுதிக் கெடுத்து வச்சிருக்கான்."