சோமு சொன்ன பதில்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் மலைக்கிராமத்தில் செல்போன் சிக்னல் கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஊருக்கு மேலே இருந்த பெரிய பாறை. பெரியப்பா தினமும் சாயங்காலம் அதன் உச்சியில் ஏறி, போனை ஆகாயத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறங்கி வரும்போது ஊருக்கான செய்திகளோடு வருவார். புளி என்ன விலை போகிறது, மழை வருமா, யார் செத்தார்கள் என்று எல்லாம் இருக்கும். அந்த வருஷம் அவர் கொண்டுவந்த செய்தி, வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்பது. வீடியோவும் வைத்திருந்தார். அதில் யாரோ ஒருவரை யாரோ சிலர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடி வாங்கியதே அவர் திருடர் என்பதற்குச் சாட்சியாக ஊரில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

வடக்கே இருந்து வந்தவர்கள் எங்கள் ஊரில் ஏற்கெனவே இருந்தார்கள். ஓடையில் தடுப்பணை கட்டுவதற்காக ஜார்க்கண்டிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் வந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் நீலத் தார்ப்பாய்க் கொட்டகைகளில் தங்கியிருந்தன. எல்லோரும் அவர்களை இந்திக்காரங்க என்றார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசியது இந்தியே இல்லை, வேறொரு பாஷை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மலையில் வாழ்வதால் எங்கள் ஜனத்துக்கு மலையாளி என்று பெயர். சாமை விற்க அடிவாரத்துச் சந்தவாசலுக்கு இறங்கினால், கேரளாவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று எங்களைக் கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அந்தக் கொட்டகைகளிலிருந்து ஒருத்தி மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பெயர் சோம்வாரி. திங்கட்கிழமை பிறந்தவளாம். எங்கள் வாய்க்குள் போனதும் அது சோமு ஆகிவிட்டது. ஆண்பிள்ளைப் பெயர் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வாத்தியார் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் மாதம் சைகையிலேயே ஓடியது. மூன்றாவது மாதத்தில் அவள் எங்களைப் போலவே ‘இன்னா’ என்றும் ‘வூடு’ என்றும் பேச ஆரம்பித்தாள். கணக்கை அவள் போட்டுக் கொடுப்பாள், தமிழ்ப் பாடத்தை நான் படித்துக் காட்டுவேன். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருமே வாத்தியாரிடம் நல்ல பெயர் வாங்கினோம்.

பெரியப்பாவின் வீடியோ வந்த பிறகு, ஓடையைத் தாண்டக் கூடாது என்று அப்பா என்னை எச்சரித்தார். தாண்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்றார். அந்த வேலையை நானே செய்துகொள்வேன் என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஓடையைத் தாண்டினேன். காட்டில் நெல்லி காய்த்திருந்தது. சோமு நெல்லிமரத்தைப் பார்த்ததே இல்லை என்றாள். அதைக்கூடக் காட்டாவிட்டால் நான் என்ன சிநேகிதி என்று நான்தான் அவளைக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போனேன். மடி நிறையப் பறித்தோம். அதோடு திரும்பியிருக்கலாம். மேல்கிளையில் இருப்பது பெரிய காய் என்று நான் இன்னும் ஏறினேன். கிளை முறிந்தது. விழுந்த இடத்தில் பாறை. வலது கால் எனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் போலக் கோணிக்கொண்டு கிடந்தது.

சோமு ஓடினாள். எங்கள் ஊர் தூரம், கொட்டகை கிட்டே. அதனால் அவள் அப்பாதான் வந்தார். குள்ளமான மனிதர், அதிகம் பேசாதவர். என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மூங்கிலை வெட்டிப் பிளந்தார். பத்தைகளைக் காலின் இரண்டு பக்கமும் வைத்து, தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். நான் கத்தியபோதெல்லாம் அவர் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்தக் குரலுக்கு அழுகை அடங்கியது. பிறகு என்னை முதுகில் தூக்கிக்கொண்டார்.

அதற்குள் ஊரில் என்னைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். ஓடையோரம் என் செருப்பு கிடந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அது போதும். நாங்கள் ஓடையைக் கடந்து இந்தப் பக்கம் ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே பதினைந்து இருபது ஆண்கள், கையில் கிடைத்ததோடு நின்றார்கள். பெரியப்பா புளி உலுக்கும் தொரட்டிக்கழியை எடுத்து வந்திருந்தார்.

“எறக்குடா புள்ளய.”

பாஷை தெரியாவிட்டாலும் சோமுவின் அப்பாவுக்குப் புரிந்தது. கட்டுப் போட்ட கால் தரையில் படாமல் என்னை மெல்ல உட்கார வைத்தார். அவர் நிமிர்வதற்குள் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தோள்பட்டையில் அது கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொருவர் கன்னத்தில் அறைந்தார். அவர் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கைகளையும் விரித்து, காலியாக இருப்பதைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் குனிந்தார். அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

“சொல்லும்மா. இவன்தான் உன்ன இட்டுனு போனானா?”

எனக்குப் பதில் தெரியும். நான்தான் போனேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஓடையைத் தாண்டியது தெரிந்துவிடும். ஓடைக்கு அந்தப் பக்கம் காலை ஒடித்துக்கொண்டு வந்தவள் எதையாவது மறைத்துவிட முடியும் என்று அன்று நம்பினேன். நான் அப்பாவின் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

அப்போது எங்களுக்குப் பின்னால், ஓடையோர மரங்களின் இருளிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது.

“நான்தாங்க இவள கூப்ட்டேன். நெல்லிக்கா பறிக்க. மரத்துலருந்து வுழுந்துட்டா. எங்கப்பா தூக்கினு வந்தாரு. அடிக்காதீங்க.”

கூட்டம் அப்படியே நின்றது. பின்னால் இருந்த யாரோ, “யார் வூட்டுப் பொண்ணு அது?” என்று கேட்டார். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக இருந்ததால் உள்ளூர்ப் பிள்ளை என்று நினைத்துவிட்டார். சோமு முன்னால் வந்து தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மடியிலிருந்து நெல்லிக்காய்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து உருண்டன.

அம்மா அப்போதுதான் வந்து சேர்ந்தார். நேராக என்னிடம் வந்து காலைப் பார்த்தார். கட்டைத் தொட்டுப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அம்மா எழுந்து, சோமுவின் அப்பாவுக்கு முன்னால் போய், அவருக்கு முதுகைக் காட்டிப் பெரியப்பாவைப் பார்த்து நின்றார். பெரியப்பா முன்னால் குரலை உயர்த்தி அம்மா பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“புள்ள திருடறவன் காலுக்குக் கட்டு போட்டுட்டு, ஊருக்குள்ளயே தூக்கினு வருவானா? கழிய கீழ வெயிங்க.”

பெரியப்பா வைத்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஜீப் வரும் சாலைக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்கு அவசரமாக ஒரு வேலை கிடைத்துவிட்டது. கொட்டகையிலிருந்து ஒரு கம்பளி வந்தது. அதைத் தொரட்டிக்கழியில் கட்டி டோலியாக்கி என்னைப் படுக்க வைத்தார்கள். முன்பக்கம் சோமுவின் அப்பா தோள் கொடுத்தார். பின்பக்கம் பெரியப்பா. ஒருவர் குள்ளம், ஒருவர் நெட்டை. டோலி முன்னால் சரிந்துகொண்டே போனது. பெரியப்பா முதுகை வளைத்துக்கொண்டு, பள்ளம், கல்லு, பாத்து என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் போனவர் தன் பாஷையில் ஏதோ பதில் சொன்னார். எப்படியோ இரண்டு பேருக்கும் கால் ஒத்துப்போய்விட்டது.

ஜீப்பின் விளக்கு வெளிச்சத்தில்தான் பெரியப்பா அந்தக் கிழிந்த சட்டையைப் பார்த்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் தோள்மேல் போர்த்திவிட்டு, வேறு பக்கம் திரும்பி ஜீப்காரரைச் சத்தம் போட்டார்.

சோமுவின் அம்மா கைக்குழந்தையோடு ஓடி வந்திருந்தார். அம்மாவும் அவரும் ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருவர் பேசியது ஒருவருக்குப் புரிந்திருக்காது. என் ஒரு காலுக்காக இத்தனை பேர் அழுகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நாற்பது நாள் மாவுக்கட்டு. அணை வேலை முடிகிறவரை சோமு தினமும் வீட்டுக்கு வந்தாள், வீட்டுக்கணக்கைப் போட்டுக் கொடுத்தாள். அம்மா அவளுக்கும் சேர்த்துத் தலை சீவி விட்டார். அப்பா ஓடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒருநாள் நான் அவளிடம் ரகசியமாக, நான்தானே உன்னைக் கூப்பிட்டேன், நீ கூப்பிட்டதாக ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீ பேசல. யாராவது பேசணும் இல்ல,” என்றாள். சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தாள்.

கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று நான் நினைத்தேன். அப்பாவிடம் அடி விழாமல் போன நிம்மதியில் அதை மறந்தும் போனேன். அப்பா கேட்டதற்கும் அவள் வாய் திறந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிருக்கும், அந்த நேரத்தில் எத்தனை கைகள் அவள் அப்பாமேல் ஓங்கியபடி காத்திருந்தன என்று கணக்குப் போட எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அதுவரை, அன்றைக்குத் தப்பித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.