முந்திச் சிரிக்காத அக்கா

அக்காவின் பதினாறாம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத அவரோடு வேலை செய்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்ட என்னை எழுதச் சொன்னது என் மகள். "அத்தையை ரொம்ப சந்தேகப்பட்டது நீங்கதானே பா, நீங்களே எழுதுங்க" என்றாள்.

அக்கா பிறந்தது பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார். அக்காவைப் படிக்க வைக்கத்தான் நான் பள்ளியை விட்டேன் என்று சிலர் சொல்வது பொய். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அக்காவுக்கு ஏறியது. உளவியல் பேராசிரியர் ஆனார், பிரிக்பீல்ட்ஸில் வீடு எடுத்தார். நான் லோரி ஓட்டினேன்.

சனிக்கிழமையானால் அக்கா ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவார். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மனம் நொந்து வருகிறவர்களோடு பேசுவார். பலகை கிடையாது, மனநலம் என்று எழுதி மாட்டினால் நம் ஆட்கள் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார்கள். நாற்காலிகளை எதிரெதிரே போடமாட்டார். எதிரே உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும் என்பார். தம் மாணவர்களையும் அப்படித்தான் பழக்கினார்.

எனக்கு அவரிடம் ஒரு குறை இருந்தது. கடைத்தெருவில் சிலர் எதிரே வந்தால், சுவரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போவார். அந்த ஆள் சிரித்தால்தான் சிரிப்பார். பேராசிரியர் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மாவைக் கண்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை கிள்ளானில் சரக்கு இறக்கிவிட்டு அக்காவைப் பார்க்கப் போனபோது, பக்கத்து நாற்காலியில் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தவர் அவர்தான். ஆனால் அக்காவோ, "வாங்க, நான் பொண்ணுக்கு அத்தை" என்று புதிதாகப் பார்ப்பவர் போல் கைகூப்பினார்.

சமையலறையில் அக்காவை மடக்கினேன்.

"அந்தம்மாவ உனக்குத் தெரியும்தானே?"

"டீ ஆறுது. கொண்டு போ."

"நடிக்காத லா. கிள்ளான்ல நானே பாத்தேன். அவங்க குடும்பத்துல பைத்தியம் ஏதும் இருக்கா?"

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னா நான் உனக்கு அக்கா இல்ல. பையன் எப்படின்னு உன் மகள கேளு. என்னைக் கேக்காத."

நான் மகளைக் கேட்கவில்லை. ஜாதகம் சரியில்லை என்று சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டேன். அவர்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் கடைசியில், "அண்ணே, அந்த வீடு விக்கிறதுக்கு இல்ல" என்றார்.

மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, "அவங்க வீட்டு விஷயம் எல்லாத்தையும் அவரே என்கிட்ட சொல்லிட்டாரு பா. உங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள். கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் சம்பந்தி வீட்டுக்குப் போனால் என் கண் மருந்து டப்பாவைத்தான் தேடும்.

புற்றுநோய் வந்து அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "இப்பவாவது சொல்லேன்" என்று கேட்டேன். "போனப்புறமும் சொல்ல மாட்டேன், போடா" என்று சிரித்தார். அது நடந்து நாலாம் நாள் அக்கா போய்விட்டார்.

இறுதிச் சடங்கன்று பந்தலின் ஓரத்தில் எனக்குத் தெரியாத பல பேர் நின்றார்கள். இந்த மலரில் நன்றி போட வேண்டுமே என்று நோட்டுப் புத்தகத்தோடு போய், யார், எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். "தெரிஞ்சவங்கதாண்ணே" என்றார் ஒருவர். "பஸ்ல பழக்கம்" என்றார் இன்னொருவர். அக்கா பஸ்ஸில் போனதே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து இன்னும் துருவினேன்.

அப்போது சம்பந்தியம்மா வந்து நோட்டுப் புத்தகத்தை மெல்ல மூடினார்.

"கேக்காதீங்க சம்பந்தி. நானும் இவங்கள்ல ஒருத்திதான். எங்க வீட்டுக்காரர் போனப்ப எட்டு மாசம் எந்திரிக்காம கிடந்தேன். 'வெளிய பாத்தா நீங்க சிரிச்சாதான் நான் சிரிப்பேன்'னு மொத நாளே உங்க அக்கா சொல்லிட்டாங்க. பெண் பாக்க வந்தப்ப அவங்கள அங்க பாத்ததும் திரும்பிப் போயிடலாமான்னு நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மகன் கல்யாணம் நின்னிருக்கும். யாரோ மாதிரி கும்பிட்டு டீ குடுத்தாங்க. இத நீங்க தாராளமா எழுதுங்க."

எழுதிவிட்டேன். சம்பந்தியம்மா, அந்த மருந்து டப்பாவுக்காக என்னை மன்னிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. பந்தல் ஓரத்தில் நின்றவர்களுக்கும் நன்றி. உங்கள் பெயர்களை நான் கேட்டிருக்கக் கூடாது. எழுதிய ஒன்றிரண்டையும் கிழித்துவிட்டேன். உங்கள் முகங்கள் மட்டும் நினைவிருக்கின்றன. நாளைக்குக் கிள்ளானில் எதிரே வந்தால் நான் சுவரைப் பார்ப்பது போல்தான் போவேன். தலைக்கனம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன்.