என்கொயரி மேசையில் ஆள் இல்லை

அந்தத் தெருவில் அவனுக்கு பைலட் என்று பெயர். ஊஞ்சலில் கொஞ்சம் வேகமாக ஆடினாலே வாந்தி எடுக்கிற ஆசாமி. விமானத்தின் படியில்கூட ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பகலில் ஃபர்னிச்சர் கடையில் உட்கார்ந்து சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், ஊர் விமான நிலையத்தைக் கட்ட ஆரம்பித்துவிடுவான்.

கட்டுவது என்றால் செங்கல் சிமென்ட் வைத்து அல்ல. வீட்டில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறது, சிமுலேட்டர் என்பார்கள். எல்லா ஊர் விமான நிலையமும் அதில் உண்டு, ஆனால் பெரிய ஊர்களைத்தான் ஒழுங்காகச் செய்திருப்பார்கள். இந்த மாதிரி ஒற்றை ரன்வே வைத்த சின்ன ஊர் என்றால் பச்சைத் தரையில் ஒரு சாம்பல் கோடு, பக்கத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். சிலருக்கு அது பொறுக்காது. தங்கள் ஊர் நிலையத்தைக் கம்பி, கதவு, சுவரில் இருக்கிற கறை உட்பட அச்சு அசலாகச் செய்து விற்பார்கள். வாங்கியவர்கள் அதைத் தங்கள் விளையாட்டில் சேர்த்துக்கொண்டு, எந்த நாட்டிலிருந்தோ வந்து இங்கே இறங்கிவிட்டுப் போவார்கள். பொறுக்காத அந்தக் கூட்டத்தில் பைலட் தலையாய ஆள்.

அவன் மனைவிக்கு அதே விமான நிலையத்தில் வேலை. நிஜமானதில். வருகைக் கூடத்தில் விசாரணை மேசைக்குப் பின்னால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உட்கார்ந்திருக்கிறாள். துடைப்பக்காரரிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் என்கொயரி அக்கா. டாக்சி எங்கே, கழிவறை எங்கே, என் பெட்டி எங்கே, என் வீட்டுக்காரர் எங்கே என்று யார் எதைக் கேட்டாலும் முகம் கோணாமல் பதில் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே உத்தியோகம்தான்.

"வாட்டர் டேங்க்ல துரு வடியுதே, அது வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"வலப்பக்கம்."

"பேர்ப்பலகை மேல புறா உக்காருமே, எந்தப் பக்கம் பாத்து உக்காரும்?"

"கூப்பிட்டுத்தான் கேக்கணும்."

"விளையாடாத. நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லு."

அவளும் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். கைப்பையில் சீப்பு, சாவிக்கொத்தோடு ஓர் அளவு நாடாவும் எப்போதும் கிடக்கும். ஒருநாள் ஓய்வு நேரத்தில் குனிந்து குப்பைத்தொட்டியை அளந்துகொண்டிருந்தபோது செக்யூரிட்டி வந்து நின்றார்.

"என்னக்கா பண்றீங்க?"

"குப்பைத்தொட்டிய அளக்கறேன்."

"எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

செக்யூரிட்டி தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். "பத்தாதுக்கா. கால் வெளிய நிக்கும்" என்றார் அனுதாபத்தோடு.

இப்படி அவள் பார்த்தும் அளந்தும் சொல்லச் சொல்ல, பைலட்டின் விமான நிலையம் பிரசித்தமாகிவிட்டது. யார் யாரோ எழுதினார்கள். புல் இவ்வளவு பச்சையாகவா இருக்கும் என்று ஒருவர். மூன்றாவது விளக்குக் கம்பம் லேசாகக் கோணல் என்று இன்னொருவர். பைலட் ஒருவரையும் காக்க வைக்க மாட்டான். "மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு" என்று ஆரம்பித்து, நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்டு, புகைப்படத்தோடு பதில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வருவான். தட்டில் எல்லாம் ஆறிப்போயிருக்கும்.

இந்தச் சமயத்தில் அக்காவுக்கு மாற்றல் வந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிற பெரிய விமான நிலையத்துக்கு, சூப்பர்வைசராக. பத்துப் பேர் இவள் சொல்கேட்டு வேலை செய்வார்கள். போகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் மேனேஜர். போக அவளுக்கு ஆசைதான். ஆனால் அவனை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. போ என்றோ, போகாதே என்றோ அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னாள். பைலட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"அங்க ரன்வே ரெண்டு இருக்கு, இல்ல?" என்றான்.

அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டான். மறுநாளும் கேட்டாள். "ம்" என்றான். போ என்கிற ம்மா, போகாதே என்கிற ம்மா, கொட்டாவி ம்மா என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பக்கத்து அறையில் அவன் யாரோ ஒரு புண்ணியவானுக்கு விளக்குக் கம்பத்தின் கோணலைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

பெண்டாட்டியாக இருந்தால்தானே பதில் கிடையாது, வாடிக்கையாளராக இருந்தால் உண்டல்லவா என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படுக்கையறையில் உட்கார்ந்து, செல்போனில் 'ஜன்னலோரம்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, தன் புருஷன் செய்த விமான நிலையத்தைத் தானே வாங்கினாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். துரு இருந்தது. புறா இருந்தது. அவள் அளந்து கொடுத்த குப்பைத்தொட்டி இருந்தது. கண்ணாடிக் கதவு வழியே வருகைக் கூடமும் தெரிந்தது. விசாரணை மேசை காலியாகக் கிடந்தது.

உடனே எழுதினாள்: "என்கொயரி மேசையில் ஆள் இல்லை. ஏன்?"

பக்கத்து அறையில் நாற்காலி கிறீச்சென்றது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது. "மதிப்புக்குரிய ஜன்னலோரம் அவர்களுக்கு, தங்கள் கூர்மையான பார்வைக்கு நன்றி. விமானம் கட்டிடத்துக்குள் வராது என்பதால் உள்ளே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று இருந்துவிட்டேன். என் தவறுதான். உடனே திருத்துகிறேன்."

என் தவறுதான்! கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் வந்த புதுப் படத்தில் மேசைக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டது. பைலட் கையிருப்பில் தயாராக இருந்த ஓர் உருவத்தை எடுத்து வைத்திருந்தான். விமானத்தை வழிகாட்டி நிறுத்துகிற ஆள். பெரிய மீசை, காதில் இரைச்சல் மூடி, இரண்டு கையிலும் சிவப்பு விளக்குக் கோல். கழிவறை எங்கே என்று கேட்டு வருகிறவனை அப்படியே இடப்பக்கம் ஒடித்துச் சுவரோரம் நிறுத்திவிடுவான் போல நின்றிருந்தான்.

"அங்கே இருப்பது ஒரு பெண்" என்று எழுதினாள் ஜன்னலோரம். "கண்ணாடி போட்டிருப்பாள்."

"தெரிவித்தமைக்கு நன்றி. நேரில் போய் உறுதி செய்துகொள்கிறேன்" என்று பதில் வந்தது.

நேரில்! இத்தனை வருஷத்தில் மழையில் மாட்டிக்கொண்ட நாளில்கூட அவளை அழைத்துப் போக அவன் அங்கே வந்ததில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். அவள் புது யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பைலட் கழுத்தில் கேமராவோடு கூடத்துக்குள் நுழைந்து, சுற்றும்முற்றும் பார்த்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"கொஞ்சம் நகரு" என்றான்.

"என்னது?"

"மேசை மேல உன் நிழல் விழுது. ஒட்டியிருக்கற தகடோட நிறம் சரியா வராது."

அவள் எழுந்து தூணோரமாய்ப் போய் நின்றாள். அவன் மேசையை முன்னால், பின்னால், குனிந்து அடியில் எல்லாம் படம் எடுத்தான். எடுத்து முடித்துக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்க ஒரு பொம்பள உக்காந்திருப்பாங்கன்னு ஒரு கஸ்டமர் எழுதியிருக்காரு. அது நீதானா?"

பைலட்டை அந்தக் குப்பைத்தொட்டியில் திணித்தால் கால் நிஜமாகவே வெளியே நிற்குமா என்று அவள் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டாள்.

"சாயங்காலம் வேற ஒருத்தி வருவா" என்றாள்.

"அய்யய்யோ" என்றான் பைலட். நிஜமாகவே கவலைப்பட்டுப் போனான். "அப்ப எந்த ஷிஃப்ட்ட வைக்கறது?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யூனிஃபார்மில் இருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம், கடைசியாக ஒரே ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று எழுதினாள். "அந்தப் பெண்ணுக்கு மாற்றல் ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்?"

இதற்கும் தாமதமில்லை. "அந்தப் பெண்ணை இன்றுதான் வைத்தேன். அப்படி நேர்ந்தால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம். ஓர் உருவம் குறைந்தால் கம்ப்யூட்டருக்கும் சுமை குறையும்."

அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். மறுநாள் போனதும் மேனேஜர் அறைக்குள் நுழைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்போ?" என்றான் பைலட்.

"ஒண்ணாந்தேதி."

அன்று அவன் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. சூடாக இருக்கும்போதே சாப்பிட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமையும் சூடாகவே சாப்பிட்டான். கம்ப்யூட்டரைப் போட்டான், கொஞ்ச நேரம் விமானம் உறுமியது, அணைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் படுக்கையறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, சத்தம் வராமல் வைத்திருந்த செல்போன் மடியில் அதிர்ந்தது. ஜன்னலோரத்துக்குக் கடிதம்.

"மதிப்புக்குரிய ஜன்னலோரம் அவர்களுக்கு, அந்தப் பெண்ணை எடுத்துவிடலாம் என்று முன்பு எழுதியது தவறு. நேற்று எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு ஒரு சுமையும் குறையவில்லை. விமானத்தை இறக்கினேன். ரன்வே சரி, விளக்குகள் சரி, துருவும் சரி. எல்லாம் சரியாக இருந்தும், எதற்காக இந்த ஊரில் வந்து இறங்கினேன் என்று தெரியவில்லை. தங்களிடம் சொல்வதற்கு என்ன, அவள் என் மனைவி. பதவி உயர்வோடு மாற்றல். போகாதே என்று சொன்னால் நான் மனுஷனே இல்லை. போ என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் ரன்வேயைப் பற்றிப் பேசிவிட்டேன். யாரும் பார்க்காத மேசையைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரிவித்தால் திருத்திக்கொள்கிறேன்."

மடித்த துணியெல்லாம் கலைந்து கிடந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் எதையெதையோ தட்டினாள், அழித்தாள். கடைசியில் ஒரே வரி அனுப்பினாள்.

"நானும் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்."

நாற்காலி கிறீச்சென்றது. காலடிச் சத்தம் வந்தது. பைலட் வாசற்படியில் நின்று கதவு நிலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நானும் வரட்டுமா?" என்றான்.

"கடை வேலை?"

"அலமாரி எல்லா ஊர்லயும்தான் மாட்டுவாங்க."

"அங்க வந்து சாயங்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"அங்க ரன்வே ரெண்டு இருக்கு" என்றான். முதல் தடவை சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஒரு கஸ்டமர். ரொம்பத் தங்கமான மனுஷன். இரு, ஒரு நன்றி எழுதிட்டு வந்துடறேன்." சட்டைப்பையிலிருந்து தன் செல்போனை எடுத்து அங்கேயே நின்றபடி தட்டினான்.

அவள் மடியில் செல்போன் அதிர்ந்து, துணிகளுக்கு நடுவே வெளிச்சம் அடித்தது.

பைலட் அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். தன் கையில் இருந்ததைப் பார்த்தான். அவள் மறைக்கவில்லை. அவனும் கோபிக்கவில்லை. காது மட்டும் சிவந்துபோயிற்று. பிறகு கிட்டே வந்து, தன் செல்போனில் ஒரு படத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். திரையில் வருகைக் கூடம், விசாரணை மேசை, அதற்குப் பின்னால் ஒரு பெண்.

"கண்ணாடி போட்டிருப்பான்னு மட்டும்தான் நீ எழுதியிருந்த" என்றான். "அது எப்பவும் இடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கும். அத நீ எழுதல. நானாத்தான் வெச்சேன்."

அவள் கை தன்னால் மூக்குக்கண்ணாடிக்குப் போனது. நேராக்காமல் அப்படியே விட்டுவிட்டாள்.