மட்டையோடு ஓடியவன்

பேஸ்போலில் பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். நான் மூன்று சீசன் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிரிக்கெட்டில் வளர்ந்தவர்களுக்கு என் பாடு விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை.

ஆள் குறைந்த அணி

டண்டினொங்கில் நான் வேலை செய்த வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய புரூஸ்தான் கோச். அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. கிரிக்கெட் ஆடியிருக்கிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். அணி ஆடியது கடைசிப் பிரிவில், அதற்குக் கீழே பிரிவு கிடையாது.

முதல் நாளே பந்தை அடித்தேன். மட்டையோடு ஓடி, முதல் பேஸ் என்கிற வெள்ளைத் திண்டில் அதைக் குத்திவிட்டு, இரண்டாவது ஓட்டத்துக்காகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி ஓடினேன். புரூஸ் தொப்பியைக் கழற்றினார்.

"மேட், நாலு பேஸையும் சுத்தித்தான் வரவேணும்."

கிளவுஸ்

பந்து அதிகம் வராத வலது மூலையில் என்னை நிறுத்தினார்கள். வந்த ஒன்றையும் வெறுங்கையால் பிடித்தேன். இடது கையில் மாட்டிய கிளவுஸ் சும்மா இருந்தது. விரல் வீங்கிவிட்டது. அணியில் இருந்த மற்றத் தமிழன் சுரேஷ், சென்னைக்காரன், ஐஸ் கொண்டு வந்தான்.

"அண்ணே, அந்த கிளவுஸ் என்ன, குளிருக்குப் போட்டதா?"

ட்ராப்

நான் ஓடும்போதெல்லாம் புரூஸ் "ட்ராப் இட்" என்று கத்துவார். கிரிக்கெட்காரன் காதில் ட்ராப் என்று விழுந்தால், யாரோ கேட்சைக் கோட்டை விட்டுவிட்டான் என்றுதான் அர்த்தம். யார் என்று திரும்பிப் பார்ப்பேன். அதற்குள் அவுட்.

மூன்றாம் சீசனில் என் மட்டை எதிரணிக்காரனின் முழங்காலில் பட்டது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குப் புரூஸ் கத்தவில்லை.

"இன்னொருக்கா மட்டையோட ஓடினால் நீ அணியில இல்லை."

கடைசி ஆட்டம்

எனக்குச் சனிக்கிழமை என்றால் அந்த ஆட்டம்தான். வேறொன்றும் கிடையாது. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு என் மனைவி சாந்தி முதல் தடவையாக வந்தா. கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தா.

பந்து நன்றாகப் பட்டது. ஓடினேன். கையில் மட்டை. புரூஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வையுங்கோ அதை!"

அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடியை நான் தூக்கினால் சாந்தியிடமிருந்து வருகிற குரல். கை தானாக விரிந்தது. மட்டை புல்லில் விழுந்தது. வெறுங்கையோடு முதல் பேஸை மிதித்து நின்றேன். அந்தப் பெண் என்ன சொன்னா என்று புரூஸ் கேட்டார். சுரேஷ் மொழிபெயர்த்தான்.

"இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவ வரட்டும், மேட். நீ வராட்டிலும் பரவாயில்லை."

கோச் மூன்று சீசன் தொண்டை கிழியக் கத்தியும் சரிவராததை ஒரே அதட்டில் சரிபண்ணியது சாந்தி.